தலைவர் வயிற்றில் ஒரு பையன்

டார்க்ரூமில் சிவப்பு விளக்கடியில் பிரிண்ட் மெல்லத் தெளிந்து வந்தது. அனாதைப் பிள்ளைகள் விடுதியின் தலைவர், ஊரறிந்த ரோட்டு கண்ட்ராக்டர், மீசையை முறுக்கி நிற்கிறார். அவருடைய கறுப்புக் கோட்டுக்குள், நட்ட நடு வயிற்றில், சட்டையில்லாத சின்னப் பையன் ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். இதை அவர் பார்த்தால் என் ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

1. தானம் வந்த காமிரா

ரப்பர் விலை படுத்துக்கிடந்த காலம். எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்து, கப்பல் கப்பலாக ஜனங்களை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள் எங்கள் பேட்டையான பிரிக்பீல்ட்ஸில் இருந்த விடுதிக்கு வந்து சேர்ந்தன. அதுகளுக்குச் சோறு போதவில்லை என்று சமையல்காரி சொன்னாள். தலைவர் நன்றாக யோசித்து, தம் மகன் விளையாடி அலுத்த பெட்டிக் காமிராவைத் தானம் பண்ணினார். அதன் முதுகில் தம் பெயரை எழுத மறக்கவில்லை.

பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க மனசுல என்ன இருக்கோ, அத அதுங்களே படமா எடுக்கணும். சீமையில இப்ப இதான் பேஷனாம். ஆண்டுக் கூட்டத்துக்கு தொரை வர்றாரு, சுவத்துல மாட்டணும். சம்பளம் கிம்பளம்னு கேக்காதீங்க. புண்ணியம்."

புண்ணியத்துக்கு ஞாயிறுதோறும் போனேன். நான் கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான். வெளிச்சம் பட்டது பிலிமில் பதியும், இருட்டு பதியாது. ஒரு படம் எடுத்ததும் சாவியைத் திருப்பி பிலிமைச் சுற்ற வேண்டும். சுற்ற மறந்தால் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

ரோலில் எட்டுப் படம், வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். ஆளுக்கு ஒன்று என்று சொன்னேன். ஒருவனுக்கு ரயில் எஞ்சின் வேண்டும். ஒருத்திக்குச் சமையற்கட்டுப் பூனை. எல்லாரிலும் பெரியவள் அஞ்சலை. அவளுக்குத் தன் தம்பி சின்னான் வேண்டும். ஊருக்குத் திரும்புகிற சித்தப்பன் அடுத்த வாரக் கப்பலில் அவனைக் கூட்டிப் போகிறான். ஆண்பிள்ளை என்றால் காட்டு வேலைக்கு ஆகும், பெண்ணைக் கட்டிக்கொண்டு யார் அழுவது என்று அவள் முன்னாலேயே சொல்லியிருந்தான்.

"மூஞ்சி மறந்துருமோன்னு பயமா இருக்கு வாத்தியாரே," என்றாள்.

2. மனசில் இருப்பது

படம் எடுக்கிற ஞாயிறன்று தலைவரே வந்து இறங்கினார். அந்த வெயிலில் கறுப்புக் கோட்டு, அதன் மேல் தங்கக் கடிகாரச் சங்கிலி.

"எங்க, என்னை எடுங்க பாப்போம்."

"ஐயா, பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு மனசுல வச்சிருக்குதுங்க," என்று இழுத்தேன்.

"அதுங்க மனசுல நான் இல்லாம வேற யாரு இருக்கா? சோறு போடுறது யாரு லா?"

பிள்ளைகள் முறை போட்டு அவரையே எடுத்தன. உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று, மீசையோடு ஒன்று, புன்னகையோடு ஒன்று. எஞ்சின் போயிற்று, பூனை போயிற்று. எட்டாவது முறை அஞ்சலையுடையது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் முக்காலியில் காமிராவை வைத்து அவரை எடுத்தாள். உடனே அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று குடை பிடித்தேன். அஞ்சலை காமிராவோடு சமையற்கட்டுப் பக்கம் போனதைப் பார்த்தேன். பூனையைத் தேடிப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து கேட்டாள்: "இப்பச் சுத்திரவா வாத்தியாரே?"

"இன்னுமா சுத்தல? உனக்கு எத்தன தடவ சொல்றது," என்று கடிந்துகொண்டேன்.

படம் கழுவியபோதுதான் புரிந்தது: பிலிமைச் சுற்றாமலே, சமையற்கட்டின் புகை படிந்த இருட்டு வாசற்படியில் தம்பியை வெயில் படும்படி நிறுத்தி எடுத்திருக்கிறாள். இருட்டு பதியவில்லை. தலைவர் முகம் பிழைத்தது. கறுப்புக் கோட்டு மட்டும் பையனுக்கு இடம் விட்டது.

3. உத்தரவு

சின்னான் கப்பலேறிய மறுநாள் தலைவர் படங்களைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்தார். ஏழு படத்தையும் மெச்சினார். எட்டாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கூட வந்திருந்த அவருடைய உதவியாள் எட்டிப் பார்த்து, "ஐயாவுக்கு எத்தன மாசம்," என்று முணுமுணுத்தான். அவன் வேலை அன்றோடு சரி.

"எந்தக் கழுத பண்ண வேல இது?"

"பிலிம் கோளாறுங்க ஐயா."

"நெகட்டிவ் எங்க? அத வெட்டிப் போடு. இப்பவே, என் கண்ணு முன்னால."

பெரியவர் சொல்லைத் தட்டலாமா? கத்தரிக்கோலை எடுத்து நிதானமாக வெட்டினேன். தலைவரின் தலை, தோள், கை, கால் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. நடுவில் இருந்த துண்டு மட்டும் என் உள்ளங்கையில் நின்றுவிட்டது. வெட்டியாகிவிட்டது என்ற திருப்தியோடு அவர் போனார்.

அந்தத் துண்டை என்லார்ஜ் பண்ணி அஞ்சலையிடம் காட்டினேன். தலைவரின் கடிகாரச் சங்கிலி மட்டும் போகாமல், சின்னானின் கழுத்தைச் சுற்றிப் பளிச்சென்று கிடந்தது. எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது.

"ரீடச் பண்ணி அழிச்சுத் தர்றேன் புள்ள. ஒரு நிமிசம் பொறு."

அவள் படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும் வாத்தியாரே. தங்கந்தானே. வெறுங் கழுத்தோடதான் கப்பலேறுனான்."

சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களின் அம்மைத் தழும்பையும் வழுக்கையையும் அழித்துக் கொடுத்துத்தான் பிழைத்தேன். ஆனால் படத்துக்கு உரியவரைக் கேட்காமல் ஒரு புள்ளியைக்கூட ரீடச் பண்ணியதில்லை.