நல்லெண்ணெய்க்குச் சோதனை இல்லை

“…தோசைக்கல்லே எண்ணெய் வுட்டாத்தான் ஒட்டாம வருது. காதுக்கு மட்டும் வுடக் கூடாதுன்னா, இது யாரு காதுக்குடா செஞ்சீங்க?” என்று கேட்டாள் அக்கா. பாடாலூர் நெடுஞ்சாலையோரம் அவள் நடத்தும் டிபன் கடையில், விடுமுறை முடிந்து கிளம்பவிருந்த நான் இட்லியைப் பிட்டபடி உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து நான் கொண்டுவந்த, காது மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சு, அவள் உள்ளங்கையில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் எங்கள் ஆய்வகத்தில் வியர்வையைக் காசு கொடுத்துப் பாட்டிலில் வாங்குகிறார்கள். செயற்கை வியர்வையாம். வந்த புதிதில், “மேடம், இது என்கிட்டயே நிறைய இருக்கு” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மேலாளர் மிஸ் லிம்மிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்று மதியமே என்னைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

அதற்கு முன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் எடுபிடியாக இருந்தேன். அங்கே வார்த்த கட்டி கல்லாக இறுகினால் போதும், சபாஷ். இங்கே, ஒளி பட்டால் இறுகும் ரெசின் என்ற பிசினை ஓர் இயந்திரம் அடுக்கடுக்காகக் காது வடிவத்தில் அச்சடிக்கும். அது இறுகவும் வேண்டும், ரப்பராக வளையவும் வேண்டும், தோலைப் புண்ணாக்கவும் கூடாது. இத்தனை நல்ல குணம் எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் கிடையாது. அதை வியர்வையிலும் உப்புநீரிலும் சோப்பிலும் ஊறவைத்துப் பார்ப்பது என் வேலை. சோதனைத் தாளில் கடைசிக் கையெழுத்தும் என்னுடையதே.

அக்காவுக்குக் காது மந்தம். காது மெஷினின் கெட்டி பிளாஸ்டிக் அச்சு குத்துகிறதென்று கழற்றிப் போட்டுவிட்டாள். லாரி டிரைவர்கள் கேட்பது ஒன்று, இவள் வைப்பது ஒன்று. ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போகத் தொடங்கினார்கள். அதனால்தான் திருச்சியில் அவள் காதை அளவெடுத்து அனுப்பச் சொல்லி, எங்கள் ஆய்வகத்தில் மெத்தென்று, மாற்றுக்கும் சேர்த்து இரண்டு அச்சு செய்து வந்தேன். மாட்டிய முதல் நாள் ஒரு டிரைவர் வழக்கம்போல் சாம்பாருக்குக் குரல் கொடுத்தார். “ஏய்யா கத்துற? நான் என்ன செவிடா?” என்றாள். கடையே சிரித்தது. அவளும்தான்.

இரண்டே வாரம். அதற்குள் அச்சு உப்பிக் காதில் பொருந்தாமல், மெஷின் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் அச்சை நல்லெண்ணெயில் முக்கித்தான் மாட்டியிருக்கிறாள்.

திட்ட வாயெடுத்தபோதுதான் உறைத்தது, எங்கள் சோதனைத் தாளில் எண்ணெயே இல்லை. மிஸ் லிம்முக்குத் தெரியாது, சரி. சனிக்கிழமை தவறாமல் காதில் எண்ணெய் ஊற்றி வளர்ந்த வேப்பந்தட்டைக்காரன் எனக்குமா தெரியாது? அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் எந்த ஊர்க்காரனோ!

“எண்ணெய்ல சோதிச்சுப் பாக்கலக்கா. இன்னொண்ணு இருக்குல்ல, அத எண்ணெய் படாம மாட்டிக்க.”

“இந்த வெயில்ல வெறுங்காதுல மாட்டுனா அரிக்கும்டா. நீ பஸ் ஏறுனதும் எண்ணெய வுட்டுருவேன். பொய் சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு, இன்னோர் அச்சைத் தாளில் மடித்து என் சட்டைப்பையில் செருகினாள். கழுவிவைத்திருந்த டானிக் பாட்டிலில் நல்லெண்ணெயை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, என் பெட்டியில் கம்பெனிச் சட்டைகளுக்கு நடுவே புதைத்தாள்.

“இந்த எண்ணெய்ல ஊறவெச்சுப் பாத்துட்டுச் சொல்லு. அதுவரைக்கும் எல்லாரும் கத்தியே பேசுங்க” என்றபடி கல்லில் மாவை ஊற்றினாள்.