கீழ்வீட்டு ஜாஸ்

வன்னியிலிருந்து தப்பி வந்த இரண்டாவது வருடம், 2011இல், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் அண்ணனுடைய ஒற்றை அறையில் இருந்தேன். அண்ணன் ரூ காய் தெருவில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அவருக்கு விசா இருந்தது. என் அகதி வழக்கு அப்பீலிலும் தோற்றிருந்தது. "ஆர் தட்டினாலும் திறக்காதை, சத்தம் காட்டாமல் இரு" என்று சொல்லாமல் அவர் வேலைக்குப் படியிறங்கியதில்லை.

நான் சத்தம் காட்டவில்லை. சத்தமெல்லாம் கீழ்வீட்டில்தான். அங்கே தனியாக இருந்த வயதான பிரெஞ்சுப் பெண்மணி முற்பகலில் ஒரே இசைத்தட்டைப் போடுவார். பியானோ, ட்ரம்பெட், சாக்ஸபோன், பிறகு ட்ரம்ஸ். முதல் நாள் ட்ரம்ஸ் தனியாக அதிரத் தொடங்கியதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டேன். தரை வழியாக வந்தது, போரில் செல் குண்டு விழும் அதிர்வுதான் எனக்கு. போகப்போக, எதற்குப் பின் எது வரும் என்று பாடமாகிவிட்டது. ட்ரம்ஸ் வருமுன் சுவரில் முதுகை அழுத்தி உட்கார்ந்துகொள்வேன். பயம் போகவில்லை; அது வரும் நேரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் பியானோ ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. அதே துண்டு திரும்பத் திரும்ப வந்தது. யாரும் இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கவில்லை. நான் உலை வைத்துச் சோறு வடித்த பிறகும் அது நிற்கவில்லை. அண்ணனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"கீழ்வீட்டு மதாமுக்கு என்னவோ நடந்திட்டுது அண்ணை."

"நீ போகாதை. பொலிஸ் வந்தால் முதல் உன்னைத்தான் கேப்பாங்கள். மத்தியானச் சாப்பாட்டுச் சனம் முடிய நான் வாறன்."

"ஓம்" என்றேன். ஆனால் அந்தப் பியானோவோடு இருக்க முடியவில்லை. இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினேன். இசைக்கு நடுவே ஒரு முனகல் கேட்டது. படியில் நின்றபடியே தீயணைப்பு வீரர்களை, பொம்பியேக்களை, அழைத்தேன். 'மதாம் விழுந்துவிட்டார், வாருங்கள்' என்ற அளவுக்குத்தான் என் பிரெஞ்சு இருந்தது.

சப்பாத்துச் சத்தம் மேலே ஏறி வந்தபோது ஓடிவிடத்தான் நினைத்தேன். படிக்கட்டின் கைப்பிடியை விட என் கை மறுத்தது. அவர்கள் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். குசினியில் அடுப்பருகே தரையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவருக்கு உயிர் இருந்தது. ஒருவன் போய் ஊசியைத் தூக்கினான். இன்னொருவன் என் பெயரைக் கேட்டான். பொய்ப்பெயர் வாயில் வரவில்லை; உண்மைப் பெயரையே சொன்னேன்.

அன்றே அண்ணன் என்னைப் புறநகரான சார்செலில் அவருடைய சிநேகிதர் குடும்பத்தோடு கொண்டுபோய் விட்டார். ஏசவில்லை. "நீ செய்தது சரி. ஆனால் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். அங்கே லிஃப்ட் நிற்கும் ஒவ்வொரு முறையும் என்னைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். யாரும் வரவில்லை.

நான் அண்ணனின் அறைக்குத் திரும்பிவந்த பிறகு ஒரு நாள், அந்த அம்மா தடியூன்றி மேலே வந்து தட்டினார். குரலைக் கேட்டபிறகுதான் திறந்தேன். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி தந்தார். இசைத்தட்டின் உறையைக் காட்டி, பியானோக்காரர்தான் குழுவின் தலைவர், பாட்டுகளெல்லாம் அவர் எழுதியவை என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாளும் ட்ரம்ஸ்காரனைத்தான் தலைவன் என்று நினைத்திருந்தேன்.

இசைத்தட்டைப் போட்டார். ட்ரம்ஸ் நெருங்கியதும் நான் எழுந்து வாசலில் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எழும்பிவந்து பக்கத்தில் நின்றார்.