நிழலையும் அலையையும் குறைச்ச பிறகு

எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் பழசு. ஒரு வேலை சொன்னால் செய்யும், ரெண்டு சொன்னால் மூச்சு வாங்கும், மூண்டு சொன்னால் படுத்திடும். எனக்கோ பின்னேரத்தில மூண்டும் வேணும். துறைமுகத்தில சாமான் இறக்கிற ஒரு கந்தோருக்கு வீட்டில இருந்து பில் அடிக்கிறனான், அது ஒண்டு. கட்டாரில வேலை செய்யிற என்ர மனுசியோட சேர்ந்து விளையாடுற தோட்டக் கேம், அது ரெண்டு. அவவின்ர குரல் மூண்டு.

கேமைப் பற்றிச் சொன்னால் சிரிப்பியள். ஒரு தீவில ரெண்டு பேருமாய் வீடு கட்டி, கத்தரி நட்டு, தண்ணி ஊத்துவம். தலை நரைக்கிற வயசில இது என்ன விசர் எண்டு என்ர தமையன் கேட்டவர். அவருக்கு விளங்காது. சும்மா போன் கோல் எடுத்தால் சாப்பாட்டை விசாரிக்கிறதோட கதை முடிஞ்சிடும். கத்தரிக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டால் அவவின்ர வேலையிடத்துக் கதை, அறையில கூட இருக்கிற பெட்டையின்ர குறட்டை, எல்லாம் தன்பாட்டில வரும். பேசாமல் இருந்தாலும் பக்கத்தில ஆள் நிக்கிற மாதிரி இருக்கும்.

மூண்டையும் ஒண்டாய்த் திறந்தால் அவவின்ர குரல் தகரப்பேணிக்குள்ள இருந்து துண்டு துண்டாய் வரும். கோதாரி விழுந்த பெட்டி எண்டு மேசையில அடிப்பன். பிறகு கேமை ஒவ்வொண்டாய்க் குறைக்கத் தொடங்கினன். முதல்ல மரங்களின்ர நிழலை நிப்பாட்டினன். புல்லை அசையாமல் பண்ணினன். கடலில அலை, மினுக்கம் எல்லாத்தையும் எடுத்தன். அது சிமெந்து போட்ட முற்றம் மாதிரிக் கிடந்தது. எங்கட ஜன்னலுக்கு வெளியில முழுக் கடலும் கிடக்கு, அதைப் பார்க்க ஆளில்லை. கடைசியில தனியாய்க் கோல் எடுக்கிறதையும் விட்டிட்டு, கேமுக்குள்ளயே கதைக்கத் தொடங்கினம். குரல் தெளிஞ்சுது.

பிறகு அங்க அவவின்ர லப்டொப் கொதிக்கத் தொடங்கிச்சு. அவவும் வேலையிடத்துக் கணக்குகளைப் பக்கத்தில திறந்து வச்சிருப்பா. நான்தான் வழி சொல்லிக் குடுத்தனான். வேற வேலைக்குப் போகேக்க கேமை மூட வேண்டாம், செற்றிங்கில ஒரு கட்டம் இருக்கு, அதில சரி போடும், கேம் பின்னுக்குப் போனதும் சத்தத்தை நிப்பாட்டி, வேகத்தையும் குறைச்சுச் சும்மா கிடக்கும் எண்டன். நல்ல கெட்டிக்காரன்தான் எண்டு சொன்னா. அண்டைக்கு முழுக்க எனக்குக் கால் நிலத்தில படேல்லை.

அவவின்ர ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் நீட்டச் சொல்லி வேலையிடத்தில கேட்டிருக்கினம், என்ன செய்வம் எண்டு என்னட்டக் கேட்டா. உம்மட விருப்பம் எண்டு சொல்லிப்போட்டன். பெரிய மனுசன் மாதிரி வாய் சொல்லிச்சு. உள்ளுக்க போதும், போதும் எண்டு கத்திக்கொண்டிருந்தனான். தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் பில் எல்லாத்தையும் மூடினன். இண்டைக்குச் சொல்லுறதுதான் எண்டு கேமைத் திறந்தன். அவவின்ர பொம்மை வாளியோட பாத்தியடியில நிண்டது. என்ர பொம்மையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில நிப்பாட்டினன். வெளியில, எங்கட ஊர் ரோட்டில மாடு மாதிரித் திரியிற மான் ஒண்டு என்ர செவ்வரத்தம் பூச்செடியைக் கடிச்சுக்கொண்டு நிண்டது. திண்டு துலையட்டும் எண்டு எழும்பேல்லை.

"நீட்டாதையும். எனக்குத் தனிய இருக்க ஏலாது. வீட்டை வாரும்."

அவ பேசேல்லை. அழுறா எண்டு நினைச்சன். அந்தத் துணிவில மிச்சத்தையும் சொன்னன். குசினியில நிண்டபடியே சாப்பிட்டு முடிக்கிறதை, அவவின்ர தலையணையைப் பார்க்க ஏலாமல் அலுமாரிக்குள்ள வச்சதை, பஸ்ஸில ஆரும் பக்கத்தில இருந்து கதை குடுத்தால் இறங்கவே மனமில்லாமல் போறதை. கலியாணம் கட்டின நாளில இருந்து அவவோட நான் இவ்வளவு கதைச்சதில்லை. பொம்மை அசையாமல் கேட்டுக்கொண்டு நிண்டது.

கொஞ்ச நேரத்தால அது திரும்பிச்சு.

"இஞ்சருங்கோ, வந்திட்டன். கேமைப் பின்னுக்கு விட்டிட்டு அந்த ஒப்பந்தத்தைப் பார்த்தனான். நீங்கள் என்ர விருப்பம் எண்டனீங்கள்தானே, கையெழுத்து வச்சு அனுப்பிட்டன். ஏதும் சொன்னனீங்களோ?"

"கத்தரிக்குத் தண்ணி ஊத்தியாச்சு எண்டு சொன்னனான்."

அப்ப தக்காளி நடுவம், விதையை எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டா. எடுக்கப் போனன்.