கத்தரீனா ரீச்சர் எழுதிய மூன்று பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை மதியம் தம்பி குகன் ரெய்னர்ஸ் லேனிலுள்ள தன் கடையிலிருந்து போன் எடுத்தான். பின்னால் யாரோ வெண்டிக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அக்கா, ரீச்சர் மோசம் போயிட்டா" என்றான். செத்தது எந்த ரீச்சர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் லண்டனில் ஒரு ரீச்சர்தான்.

விலை கேட்டவரை அனுப்பிவிட்டு வந்தான். பிறகு, "நினைவு நோட்டீஸ் ஒண்டு அடிக்க வேணும். எழுதி வைச்சிருக்கிறன், ஒருக்காப் பார்த்துத் தா" என்றான். வாசித்தும் காட்டினான். ஆங்கிலக் கடல், அன்பின் சிகரம், ஏழைகளின் ஏணி.

"ரீச்சர் இதைக் கண்டா வெட்டிப்போடுவா" என்றேன்.

"தெரியும். அதுக்குத்தான் உன்னட்டத் தாறன்."

அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரிந்து போகும் தெருவொன்றில், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் அவர் வாரம் மூன்று காலை ஆங்கிலம் படிப்பித்ததை உங்களில் பலர் அறிவீர்கள். நான் அங்கே மாணவியல்ல. மேற்படிப்புக்காக லண்டனில் இருந்தேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டதால் போனேன். இலவசமாகப் படிப்பிக்கும் கிறிஸ்தவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. துண்டுப்பிரசுரம் எப்போது வரும் என்று மாதக்கணக்கில் பார்த்திருந்தேன். வரவில்லை. பதினொரு மணிக்குத் தேத்தண்ணியும், அவர் வீட்டில் சுட்ட, ஒன்றின் தலையில் ஒன்று குந்தியிருக்கும் இரட்டைப் பணிஸ் ரொட்டியும்தான் வந்தன. சாப்பிடுமுன் அரை நிமிடம் கண்ணை மூடுவார். அந்த அரை நிமிடத்துக்குள் எங்கள் ஆட்கள் இரண்டாவது பணிசை எடுத்துவிடுவார்கள்.

அவர் மெனோனைட் சபையைச் சேர்ந்தவர். ஆயுதம் தொடாத, சத்தியம் செய்யாத சனங்கள். ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. அதற்கு மேலே ஆணையிட ஒன்றுமில்லை என்பது அவர்கள் கொள்கை. எங்கள் வகுப்போ வாய் திறந்தால் ஆணையிடும். அம்மாவாணை என்றால் என்ன என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் இராசையா அண்ணை பிந்தி வந்து, "பஸ் லேட் ரீச்சர், அம்மாவாணை" என்று தொடங்கினார்.

"அம்மாவை விடுங்கோ" என்றார் ரீச்சர், தமிழிலேயே. "பஸ் லேட்டோ?"

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "இல்லை ரீச்சர். நித்திரையாப் போனன்."

வகுப்பே சிரித்தது. ரீச்சர் மட்டும் சிரிக்காமல், "நன்றி, இருங்கோ" என்றார்.

அவருடைய வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. உக்ரேனில் ஒரு மெனோனைட் கிராமத்தில் பிறந்தார். தகப்பனைக் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. யுத்தத்தில் தாயோடு குதிரை வண்டியில் மேற்கே ஓடினார். ஜேர்மனியில் அகதி முகாம், பிறகு கப்பலேறிப் பராகுவே, அங்கே ஆசிரியை வேலை. சபையின் அலுவலாக இரண்டு வருடத்துக்கென்று லண்டன் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஆங்கிலம் அவருக்கு நான்காவது மொழி; உச்சரிப்பில் ஜேர்மன் கலந்திருக்கும். குகனின் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, "தம்பி ஜேர்மனியில இருந்து வந்தனீரோ?" என்று கடைக்கு வருகிறவர்கள் இன்றும் கேட்பதுண்டு. "இல்லை, அப்டன் பார்க்கில இருந்து" என்பான்.

குகனின் அகதி விண்ணப்பம் முதல் தடவை மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குக் கடிதங்கள் சேர்க்கச் சொன்னார் வழக்கறிஞர். கடிதம் சேர்ப்பது எப்படியென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் தலைவர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், நீண்ட காலமாக நன்கறிவேன் என்று எழுதித் தந்தார். ரீச்சரின் கடிதத்தை நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன். இரண்டு வருடமாக வகுப்புக்கு வருகிறார், இலங்கை இராணுவத் தடுப்பில் சித்திரவதைப்பட்டதை நான் அறிவேன் என்று அதில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பேனையை எடுத்து வரி வரியாக வெட்டினார். குகனின் பெயரும் வகுப்பின் முகவரியும் மிஞ்சின.

"பதினொரு மாதம்தானே வருகிறார்" என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்.

"அடிபட்டது உண்மை. முதுகில் அடையாளம் இருக்கிறது."

"உண்மையாக இருக்கும். நான் காணவில்லை."

"அவனைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று தெரியுமா?" என்றேன். அவர் பேனையை மூடி வைத்தார். "உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. உங்களுடைய யுத்தம் முடிந்துவிட்டது. உண்மை பேசுவது உங்களுக்கு வசதி."

இதை நான்தான் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த கோப்பைகளைச் சேர்த்துக் கழுவத் தொடங்கினார். கடைசிக் கோப்பையைத் துடைத்து வைத்த பிறகு, "ஒரு கிழமை தா" என்றார்.

ஏழாம் நாள், கைப்பட எழுதிய மூன்று பக்கங்களைத் தந்தார். நான் கண்டவை என்று தொடங்கியது. இவர் எப்போதும் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இவருடைய பேனை நிற்கும். சத்தம் முழுதாகப் போன பின்புதான் மறுபடி எழுதுவார். வழி விசாரிக்கும் பாடத்தில் எல்லோரும் முறை வைத்துப் பொலிஸ்காரராகப் பேசுவார்கள். இவருடைய முறை மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் எழுந்து வெளியே போனார். தங்கள் வீட்டை வரையச் சொன்னபோது கூரை இல்லாமல் வரைந்தார். மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அதை பஸ்ஸில் இருந்து வாசித்தேன். ஈஸ்ட் ஹாமில் அவனோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். சமைத்துப் போட்டேன், படிவங்கள் நிரப்பினேன். இவற்றில் ஒன்றையும் நான் கண்டிருக்கவில்லை.

விசாரணைக்கு நேரிலும் வந்தார். சத்தியம் செய்யச் சொல்வார்களோ என்று முதல் நாள் இரண்டு தடவை போன் எடுத்துக் கேட்டார். யாரும் சொல்லவில்லை. உள்துறை அமைச்சின் சார்பில் வந்தவர், இவர் சொல்லும் கதையை நம்புகிறீர்களா என்று கேட்டார். "அது நடந்தபோது நான் அங்கே இருக்கவில்லை. இவர் என் வகுப்பில் இருக்கும்போது நான் இருந்தேன்" என்றார் ரீச்சர்.

திரும்பும் ரெயிலில் குகன் எதிர் இருக்கையில் தூங்கிவிட்டான். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். யுத்தம் முடிந்ததும், சோவியத் பகுதியிலிருந்து ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முகாமில் ஓர் அதிகாரி பட்டியலோடு இருந்தார். வரிசையில் இவர்களுக்கு முன்னால் நின்றது அதே ஊரிலிருந்து கூடவே வண்டியில் வந்த குடும்பம். எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டதும் உள்ளதைச் சொன்னார்கள். அவர்களை லொறியில் ஏற்றினார்கள். அடுத்தது ரீச்சரின் தாய். நாங்கள் ஒல்லாந்தர் என்றார். அவர்களுடைய முன்னோர் சில நூறு வருடங்களுக்கு முன்பு ஒல்லாந்தை விட்டுப் போனவர்கள் என்பது மெய்தான். அதிகாரி குனிந்து பிள்ளையிடம், அப்படியா என்று கேட்டார்.

"நான் ஓம் என்றேன்" என்றார் ரீச்சர். "எனக்கு எட்டு வயது."

"அப்படியென்றால் என் கடிதத்தில் என்ன பிழை?"

"பிழை என்று நான் சொல்லவில்லையே. இன்னொரு தரம் ஏலாது." அந்த 'ஏலாது' மட்டும் தமிழில் வந்தது.

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. வென்றோம். அந்தக் கடிதத்தால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு பந்தி இருந்தது; எனக்குத் தெரிந்தது அவ்வளவே. அன்று கோப்பைகளுக்கு முன்னால் நின்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. பிறகு எத்தனையோ வருடம் அவரைப் பார்க்கப் போனேன், பணிஸ் சாப்பிட்டேன், கேட்கவில்லை. அவர் அதை எதிர்பார்த்தாரா என்பதும் தெரியாது.

போன சனிக்கிழமை அவருக்கு விடைகொடுத்தோம். வாத்தியம் எதுவுமில்லாமல் சபையினர் நான்கு குரலில் பாடினார்கள். பிறகு, விரும்பியவர்கள் எழுந்து பேசலாம் என்றார்கள். குகன் எழுந்தான். கையில் கடதாசி இருக்கவில்லை.

"வகுப்பு தொடங்க முதலே ரீச்சர் தன்ர பையைக் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில வைச்சிடுவா. வேற ஆரும் இருக்கக்கூடாதெண்டு. நான் வந்தாப் பிறகுதான் எடுப்பா. அதைப்பற்றி ஒருநாளும் ஒண்டும் சொன்னதில்லை." அதையே ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அந்தப் பையை நானும் கண்டிருக்கிறேன். நீலத் துணிப்பை, ஒரு பிடி வேறு துணியில் தைத்தது. இவ்வளவு பெரிய மேசை இருக்க இந்த மனுஷி ஏன் கதிரையில் வைக்கிறார் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. கேட்டதில்லை. அவருடைய மூன்று பக்கங்களில் அது இல்லை.

அந்தப் பக்கங்களின் பிரதி என்னிடம் இருக்கிறது. புதிதாக ஒருவர் அறைக்குள் வந்தால் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை இவைதான்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் குகனின் கடையில் வைத்து நோட்டீசைத் திருத்தினேன். கடல், சிகரம், ஏணி மூன்றையும் வெட்டினேன். பெயரும், அவர் இருந்த ஊர்களும், அப்டன் பார்க்கில் ஆங்கிலம் படிப்பித்தார் என்பதும் மிஞ்சின. அவன் வாங்கிப் பார்த்தான்.

"பையையும் எழுதன், அக்கா" என்றான்.

எழுதினேன்.