கருடன் சுற்றிய இடம்

மடுல்கெல்லப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், ஓடையோரமாக ஒரு துண்டுக் காடு இருந்தது. எங்கள் கருடன் அங்கேதான் குடியிருந்தது. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பாம்புக் கழுகு என்பார்கள். கழுத்தில் வெள்ளை இல்லாதது கருடனே இல்லை என்று சட்டம் பேசுவார்கள். பேசட்டும். வெள்ளைக் கழுத்துக் கருடன் எங்கள் மலைக்கு ஏறி வந்ததே இல்லை. இது விசிலடித்தபடி தலைக்கு மேலே போனால், கொழுந்துக் கூடையோடு நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

கோயிலைப் பெரிதாகக் கட்ட முடிவானபோது அப்பாதான் கமிட்டித் தலைவர். மண்டபத்துக்கு இடம் போதவில்லை, அந்தக் காட்டை வெட்டவேண்டி வந்தது. "ஆத்தாளுக்குத்தானே வெட்டுறோம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. கண்டியில் கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் வந்திருந்தேன்.

பெரிய மரம் சாய்ந்ததும் அந்தப் பறவை வந்தது. வெளிச்சமாகிப்போன அந்த இடத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். "பாத்தீங்களா, இப்பவே கருடன் சுத்துது! ஆத்தா ஏத்துக்கிட்டா" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

கிளைகளை இழுத்துப் போடும்போதுதான் சுள்ளிக் கூட்டைப் பார்த்தேன். உள்ளே பச்சை இலை பரப்பியிருந்தது. இருந்த ஒரே முட்டையும் உடைந்து வழிந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் சில நாள் அது வந்து சுற்றியது. பிறகு காணவில்லை.

கும்பாபிஷேகத்தன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குருக்கள் குடத்தோடு கோபுரத்தின் மேல் நின்றார். கருடன் வட்டமிட்ட பிறகு நீர் ஊற்றுவதுதான் வழக்கம். கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. வானத்தில் காக்கைகூட இல்லை. கருடன் வராத கும்பாபிஷேகம் என்று ஊர் தன்னைத்தான் பேசும் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

"நேரம் முடியப்போகுது, ஊத்தட்டோ?" என்று மேலிருந்து கேட்டார் குருக்கள்.

அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி, வரும். மரத்த வெட்டுன அன்னைக்கு எங்கள விட்டுப் போகவே அதுக்கு மனசு வரல சாமி."