மூச்சு அளந்த இடம்

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஓர் அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. வருபவர் கையில் குழாயைக் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்த வேண்டும். நுரையீரலில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று மிஷின் காட்டிவிடும். ஊதியவர்கள் எல்லாரும் கோலார் தங்கவயலில் பாறைத் தூசியைத் தின்று ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் மூச்சு வருடா வருடம் எப்படிக் குறைகிறது என்று பார்க்க அரசாங்கம் பணம் கொடுத்தது. மர்பி டவுன் வீட்டில் என்னோடு வந்து தங்கிவிட்ட, நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

ஊதும் நாளென்றால் அவர் முகத்தில் கல்யாணக் களை. இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பி வந்து, காலை ரயிலில் வந்திறங்கும் கூட்டாளிகளோடு வராந்தாவில் உட்கார்ந்து, யார் அதிகம் ஊதுவது என்று டீக்குப் பந்தயம் கட்டுவார். தோற்றால் பீடியைத் திட்டுவார். பீடியை மட்டும் விடமாட்டார்.

பிறகு அரசாங்கப் பணம் நின்றது. சம்பளமே இழுபறி. அப்போது ஒரு மருந்து கம்பெனி வந்தது. புது மிஷின், ஏசி அறை, ஒன்றாம் தேதி சம்பளம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன், மறைப்பானேன். ஆஸ்துமா மருந்துக்கான ஆராய்ச்சி அது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. தூசி படிந்து இறுகிப்போன நுரையீரல் அந்த மருந்துக்கு அசையாது, சேர்த்தால் முடிவு குழம்பிவிடும். அவர்கள் பக்கம் அது நியாயம்தான். ஆனால் இவர்களுக்கென்று பணம் போட வேறு யாருமே வரவில்லை.

வழக்கம்போல வந்து உட்கார்ந்தவர்களிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். நைனா கண்ணாடிக் கதவு வழியாகப் புது மிஷினைப் பார்த்தார்.

"அப்போ எங்க மூச்சு யாருக்கும் வோணாமா?"

யாரும் சண்டை போடவில்லை. டீ குடித்துவிட்டுக் கூட்டாளிகள் ரயிலுக்குப் போனார்கள்.

சில வருடங்களில் நைனாவால் தெருமுனை வரைகூட நடக்க முடியாமல் போயிற்று. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். சின்ன வயது டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் டெஸ்ட்டே எடுக்கலையா? நீங்க இதே வேலைலதானே இருக்கீங்க மேடம்?"

நைனா முந்திக்கொண்டார்.

"அவ ஆபீஸ்ல மிஷின்... ரிப்பேரு சார். அவ இன்னா பண்ணுவா?"

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது அவருக்கு.