சடையண்ணன் ஒற்றைக் காலில் பூ மிதித்தார்

சடையண்ணன் போய்விட்டார்.

இன்று விடிகிற நேரத்தில், மர டிப்போ கேட்டை ஒட்டின அவருடைய குடிசையில். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம்… ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, பஸ்ராவிலேயே ஆஸ்பத்திரியைப் பார்த்தாச்சு போதும் என்றாராம்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த கையோடு இதை எழுதி, நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், பென்சிலும் கட்டித் தொங்குகிறது. அவரைத் தெரிந்தவர்கள் நாலு வரி எழுதுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாளத்தில் ஹவில்தார். பஸ்ரா சண்டையில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்புறம் ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, டிப்போவில் வாட்ச்மேன் ஆனார்.

ஸ்டீமர் வருகிற நாளெல்லாம் கப்பல்துறையில் நிற்பார். இறங்குகிறவனுக்குப் படுக்க இடம், ஒரு வேளைச் சோறு, வேலைக்குச் சிபாரிசு… எல்லாம் அவர் பொறுப்பு. ரங்கூனில் இறங்கினால் கட்டைக்கால் சிப்பாயைத் தேடு என்று ஊரிலேயே சொல்லி அனுப்புவார்களாம்.

வெள்ளிக்கிழமை ஆனால் மாரியம்மன் கோயில். கட்டைக்காலில் தோல் வார் இருக்கிறது, அதுவும் செருப்புக் கணக்குத்தான் என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் உள்ளே போவார்.

அந்தக் காலுக்குக் காவல் என் அமே… என் அம்மா, பர்மாக்காரி. மூட்டை தூக்கின என் அப்பாவோடு கோயிலுக்கு வந்து பழகினவள், அப்பா செத்த பிறகு என்னோடு வருவாள். வாசலைத் தாண்ட மாட்டாள். தாண்டாதே என்று யாரும் சொன்னதில்லை, உள்ளே வா என்றும் யாரும் சொன்னதில்லை.

எங்களைப் போன்ற கலப்புப் பிள்ளைகள் சாமி கும்பிடலாம், தேர் இழுக்கலாம். பூமிதிக்குக் காப்பு மட்டும் கட்ட மாட்டார்கள். டிராமில் டிக்கெட் கிழிக்கிற எனக்கு அந்த வயிற்றெரிச்சல் ரொம்ப நாளாக உண்டு.

ஒரு வருஷம் சடையண்ணன் கோயில் கூட்டத்தில் எழுந்து, குண்டடி பட்டுக் கிடந்தபோது அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், இந்தத் தடவை பூ மிதிக்கிறேன் என்றார். எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள்.

கோயில் தலைவர் வீராசாமி மேஸ்திரி, கூலிகளுக்கெல்லாம் பெரிய கை. கட்டைக்கால் பூக்குழிக்குள் வரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வேண்டாம், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் போகிறேன் என்றார் அண்ணன்.

காப்புக் கட்டினவரைக் காப்புக் கட்டாதவன் தொடக்கூடாதே என்றார் மேஸ்திரி. அப்போ அந்த இரண்டு பேருக்கும் கட்டுங்கள் என்றார் அண்ணன். யார் என்று கேட்டதற்கு என்னையும் ரயில்வே ஷெட் பொன்னுசாமியையும் காட்டினார். பொன்னுசாமிக்கும் தாய் பர்மாக்காரிதான்.

மேஸ்திரி முகம் சுருங்கிப்போச்சு. தன் ஆட்களில் நல்ல திடமாக இரண்டு பேரைத் தருகிறேன் என்றார். அண்ணன் அசையவில்லை. பசங்களோட அம்மா யாருன்னு தெரியுமில்ல என்று மேஸ்திரி இழுத்தார்.

"குண்டடி பட்டுக் கெடந்தப்போ என்னைத் தூக்கிட்டு ஓடுனவன் அம்மா யாருன்னு நான் கேக்கல, மேஸ்திரி. கேட்டிருந்தா அங்கயே செத்திருப்பேன்."

அப்புறம் மெதுவாக, இது என் வேண்டுதல், நிறைவேறாமல் போனால் அம்மனுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பொறுப்பை ஏற்க அங்கே ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

பூசாரி என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

விரதம் முடிகிறவரை மீன் இல்லை, ஙப்பி மீன் விழுது இல்லை. ஙப்பி இல்லாமல் ஒருவன் எப்படிச் சோறு தின்பான் என்று அமே என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்…

பூமிதி அன்று லான்மடாவ் பேட்டையே காலி, ஜனமெல்லாம் கோயிலில். அண்ணன் எங்கள் இரண்டு பேர் கழுத்திலும் கை போட்டார். நெருப்பில் கால் வைத்ததும் எனக்கு ஓடத் தோன்றியது, பொன்னுசாமிக்கும் அப்படித்தானாம்.

அவர் விடவில்லை. பரேடு மாதிரி குரல் கொடுத்தார்… லெஃப்ட்… லெஃப்ட்… லெஃப்ட்… ரைட் சொல்ல அவருக்கு ஏது கால்!

பறைக்காரர்கள் அதையே தாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். மாரியாத்தா என்று ஒரு பக்கம், லெஃப்ட் என்று ஒரு பக்கம், கூட்டம் முழுக்கக் கத்தியது. கரை ஏறினதும் சிரித்தார் பாருங்கள்… அப்படி ஒரு சிரிப்பு!

ஜெயித்துவிட்டோம் ஐயா. அடுத்த வருஷமே த்வாண்டே, கியாக்தான் ஊர்களிலிருந்தும் கலப்புப் பிள்ளைகள் காப்புக் கட்ட வந்தார்கள். பூசாரி யாரிடமும் அம்மா பெயர் கேட்கவில்லை.

அமே மட்டும் வாசலிலேயே நின்றாள். அதே இடம், பக்கத்தில் அதே கட்டைக்கால்.

இன்று மத்தியானம் உடம்பைக் குளிப்பாட்டி வைத்திருந்தோம். டிப்போ முற்றத்தில் நிற்க இடமில்லை, கப்பல் கலாசிகள், ரிக்‌ஷாக்காரர்கள், மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். வாய்க்கரிசிக்குத் தட்டு வந்தது. முதலில் போட உறவு வேண்டும், அவருக்கு இந்த ஊரில் ரத்த உறவு கிடையாது.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அமே வழக்கம்போல் வெளியே, கேட் ஓரமாக நின்றிருந்தாள்.

வீராசாமி மேஸ்திரி தட்டை வாங்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி கேட் வரைக்கும் நடந்தார்.

"தங்கச்சி, உள்ள வாம்மா. நீதான் முதல்ல போடணும்."

அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அது புரிந்தது. உள்ளே வந்து, கை நிறைய அரிசி எடுத்தாள். அவள் பர்மியப் பிரார்த்தனையைச் சொல்லி முடிக்கிறவரை மேஸ்திரி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போய் வாங்க, சடையண்ணே.